இலையுதிர் காலத்தில் சைக்கிளில் காபிக் கடைக்கு: தொடரலாமா, மூடி வைக்கலாமா?

இரண்டாம் கியர்:

கோடை முழுவதும் ஞாயிறு காலையில் சைக்கிளில் ஏதாவது ஒரு காபிக் கடைக்குப் போய் வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. பெரிய தூரம் இல்லை; போக வரப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். இப்போது இலை கொட்டத் தொடங்கிவிட்டது. வசந்தம் வரும்வரை சைக்கிளைத் துடைத்து மூடி வைக்கச் சொல்கிறார்கள் வீட்டில். எனக்கு மனமில்லை.

ஆனால் தொல்லை இருக்கத்தான் செய்கிறது. போகும்போது வியர்க்கிறது; கடையில் உட்கார்ந்ததும் அந்த வியர்வை ஆறி, திரும்பும் வழியெல்லாம் நடுக்கம். மரங்கள் அடர்ந்த சாலையில் ஈர இலைகளைப் பார்த்தாலே கை பிரேக்குக்குப் போகிறது. குளிர்கால டயர் வாங்க வேண்டுமா? என்னுடையது மட்கார்டு வைத்த சாதாரண சைக்கிள், விளிம்பைப் பிடிக்கும் ரப்பர் பிரேக். பந்தயக்காரர்களின் அறிவுரை வேண்டாம், காபிக்காகப் போகிறவர்கள் சொல்லுங்கள்.

பழைய சங்கிலி:

மூடி வைக்காதீர்கள். கோடையில் சூடான காபி குடிக்க என்ன காரணம் இருக்கிறது? விரல் விறைத்துப்போய் உள்ளே நுழைகிறவனுக்குத்தான் அந்தக் கோப்பையின் அருமை தெரியும்.

வியர்வையை முதலில் முடித்துவிடுவோம். வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் அதிகமாக உடுத்தியிருக்கிறீர்கள், சீக்கிரமே முதுகு நனைந்துவிடும். உடம்போடு ஒட்டும் உடை பருத்தியாக இருக்க வேண்டாம். அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடாது. மெல்லிய கம்பளி நல்லது. காற்றைத் தடுக்கும் மேலங்கியைப் பையில் வைத்திருந்து, திரும்பும்போது மட்டும் போடுங்கள். இதையெல்லாம்விட முக்கியம், கடைசி ஒரு கிலோமீட்டரைச் சோம்பேறித்தனமாக மிதிப்பது. வியர்வை வெளியிலேயே அடங்கிவிடும். பந்தயக்காரர்களுக்கு இது மட்டும் வராது.

இனி இலை. காய்ந்த இலை சத்தம் போடுவதோடு சரி. வண்டிகள் ஏறி ஏறி நசுங்கிக் கூழான இலைதான் ஆளைச் சாய்க்கும். அது வழவழப்பான படலமாகத் தார்மேல் ஒட்டிக்கொள்ளும்; மழை நின்று வெயில் வந்த பிறகும் மர நிழலில் காயாது. அதன்மேல் போகும்போது பிரேக் பிடிக்காதீர்கள், கைப்பிடியைத் திருப்பாதீர்கள், எழுந்து நின்று மிதிக்காதீர்கள். வேகத்தை முன்னாலேயே குறைத்துவிட்டு நேராக உருண்டு கடந்துவிடுங்கள். வளைவில் இலை கிடந்தால் நான் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். குவியலுக்குள் புகவே வேண்டாம். அடியில் குழி இருக்கலாம், வடிகால் மூடி இருக்கலாம்.

ரப்பர் பிரேக் ஈரத்தில் முதல் சில சுற்றுகள் பிடிக்காது. தேவைப்படும் இடத்துக்குச் சற்று முன்பே லேசாக உரசவிட்டால் விளிம்பில் உள்ள நீர் துடைபடும், அதன்பின் பிடிக்கும்.

மட்கார்டைக் கழற்றிவிடாதீர்கள், ஆனால் கவனியுங்கள். போன வாரம் முன்சக்கரத்தில் சரசரவென்று ஒரு சத்தம். கடை வாசலில் குனிந்து பார்த்தால், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் இலைக்கூழ் அப்பி, அதில் ஒரு சுள்ளி குறுக்கே நின்றது. காபி கலக்கும் மரக்குச்சியால் சுரண்டி எடுத்தேன். சுள்ளி கம்பிகளுக்குள் போயிருந்தால் சக்கரம் சட்டென்று நின்றிருக்கும். எனவே சரசரத்தால் உடனே நிறுத்திப் பாருங்கள்.

குளிர்கால டயர் இப்போது வேண்டாம். ஆணி பதித்தவை உறைபனிக்கு. ஆனால் காற்றைச் சரிபாருங்கள். குளிரில் காற்றழுத்தம் தானாகவே இறங்கும்: 20 டிகிரியில் 60 பிஎஸ்ஐ அடைத்த டயர் 5 டிகிரியில் சுமார் 56 காட்டும். அதைப் பஞ்சர் என்று நினைத்து டியூபைக் கழற்றுகிறவர்கள் உண்டு. உங்கள் டயர் அகலமானது என்றால் அந்த 56-லேயே விட்டுவிடலாம். ஈரச் சாலைக்கு அழுத்தம் கொஞ்சம் குறைவாக இருப்பதே நல்லது.

முன்விளக்கு:

சங்கிலி ஐயா விளக்கை விட்டுவிட்டார். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். முந்தின நாள் வெளிச்சத்தில் திரும்பிய அதே நேரத்துக்கு மறுநாள் இருட்டாக இருக்கும். மாலையில் போகிறவர் என்றால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் விளக்கைக் கழற்றிக் கடைக்குள் கொண்டுபோய்விடுங்கள். திருட்டுப் பயமும் இல்லை.

காலையில் போகிறவருக்கு வேறு கவலை: தாழ்ந்த வெயில். உங்கள் கண் கூசினால் பின்னால் வரும் ஓட்டுநருக்கும் கூசுகிறது என்று பொருள். உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீண்டு விழுந்தால் எதிரே வருகிறவருக்கு நீங்கள் தெரியவில்லை. பட்டப்பகலிலும் நான் விளக்கை எரியவிட்டுத்தான் போகிறேன்.

சர்க்கரை வேண்டாம்:

வீட்டில் சமாதானம் சொல்ல ஒரு சாக்கு வேண்டுமா? 'காஃபினியூரிங்' என்று ஒரு சவால் இருக்கிறது. 2011-இல் அமெரிக்காவில் ஒரு வலைப்பதிவர் தொடங்கியது; இலையுதிர் காலத்தில் ஏறக்குறைய ஏழு வாரம் நடக்கும். சைக்கிளில் ஏழு வெவ்வேறு இடங்களுக்குப் போய் ஏழு கோப்பை. போக வர மொத்தம் இரண்டு மைல், அதாவது மூன்றேகால் கிலோமீட்டர் ஓட்டினால் போதும். வாரத்துக்கு இரண்டுக்கு மேல் கணக்கில் சேராது. தேநீரும் செல்லும். வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது.

இன்னொன்று. காபியில் உள்ள காஃபினில் பாதி உடம்பைவிட்டு நீங்கவே பொதுவாக ஐந்து மணி நேரம்போல ஆகும். மாலைச் சவாரிக்காரர்கள் தூக்கம் வரவில்லை என்று சைக்கிளைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டாம் கியர்:

எல்லோருக்கும் நன்றி. ஏழு இடம் என்றதும் வீட்டில் 'கணக்கை நான் எழுதுகிறேன்' என்று நோட்டை எடுத்துவிட்டார்கள். மூடி வைக்கும் பேச்சே போய்விட்டது. ஒரே ஒரு சந்தேகம்: ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு போய்ப் பூங்கா பெஞ்சில் குடித்தால் கணக்கில் வருமா?

பழைய சங்கிலி:

சவால்காரர்கள் என்ன சொல்வார்களோ. என்னைக் கேட்டால் பெஞ்சில் உட்காரும் முன் மேலங்கியைப் போட்டுவிடுங்கள். கடையில் சுவர் இருக்கிறது, பூங்காவில் இல்லை.