புதுப்பிப்பு: பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டால்

பேச்சைக் குறைத்து அறைக்குள்ளேயே அடைந்துகிடக்கும் 14, 15 வயதுப் பிள்ளையை எப்படி அணுகுவது என்று முன்பு எழுதியிருந்தேன். "முதலில் எங்கே போவது?" என்றே பலரும் கேட்டீர்கள்.

வீட்டுக்கு அருகிலுள்ள அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். மலேசியக் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, சாப்பாடு எவ்வளவு குறைந்தது, பள்ளிக்கு எத்தனை நாள் மட்டம் என்று தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். "மூட் சரியில்லை டாக்டர்" என்பதைவிட அந்தத் தாள் அதிகம் பேசும். பிள்ளை டாக்டரிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள்.

ஒரு திருத்தம். ஆலோசகர் எதையும் வெளியே சொல்லமாட்டார் என்று எழுதியது முழு உண்மையல்ல. உயிருக்கு ஆபத்தென்றால் பெற்றோரிடம் சொல்வார். இதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அவர்களுக்குள்ளேயே இருக்கட்டும். பல வீடுகளில் காரில் ஏறியதுமே "உள்ளே என்ன சொன்னே?" என்று தொடங்குகிறார்கள். அடுத்த முறை பிள்ளை வாயைத் திறக்காது. "பசிக்குதா?" என்று கேளுங்கள், போதும்.

தனியார் ஆலோசகரென்றால் லெம்பாகா கவுன்சலர் (ஆலோசகர் வாரியம்) பதிவும் நடப்புச் சான்றிதழும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தேகம் வந்தால், "செத்துடலாம்னு தோணுதாய்யா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பாராசிட்டமால் உட்பட எல்லா மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். தற்கொலை முயற்சி 2023 முதல் இங்கே குற்றமில்லை. போலீசுக்குப் பயந்து மருத்துவமனையைத் தவிர்க்காதீர்கள்.

பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி எண் 15555. அவசரமென்றால் 999.