புதுப்பிப்பு: கூப்பிட்டால் திரும்பாத மகன், எம்-சாட்-ஆர் மதிப்பெண் 5

22 மாத மகன் பெயர் சொன்னால் திரும்புவதில்லை, பேச்சும் குறைவு, ஆட்டிசத்துக்கான எம்-சாட்-ஆர் கேள்வித்தாளில் 5 வந்திருக்கிறது, காத்திருக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"முதலில் காதைப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி பரிசோதனையில் இரண்டு செவிப்பறைகளுக்குப் பின்னாலும் நீர் கோத்திருப்பது தெரிந்தது. வலியோ காய்ச்சலோ இல்லை, அதனால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பிறந்தபோது செய்த செவித்திறன் சோதனையில் தேறியிருந்தான். ஆனால் இந்த நீர்க்கோப்பு பிறகு எப்போது வேண்டுமானாலும் வரலாமாம்.

அப்புறம் அந்த 5. மொத்தம் 20 கேள்விகளில் 3 முதல் 7 வரை வந்தால் நடுத்தர அபாயம். அதோடு முடிவு கட்டக் கூடாது, மதிப்பெண் ஏறக் காரணமான கேள்விகளை மட்டும் விவரமாகத் திரும்பக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டதில் 1 ஆகக் குறைந்தது. 2 அல்லது அதற்கு மேல் நின்றிருந்தால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். விரல் நீட்டிக் காட்டுகிறானா என்ற கேள்விக்கு நாங்கள் 'இல்லை' போட்டிருந்தோம். உதாரணங்களோடு கேட்டபோதுதான், நாயைப் பார்த்தால் காட்டுவான் என்பது நினைவுக்கு வந்தது!

நீர் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும் என்பதால் மூன்று மாதம் பார்க்கச் சொன்னார்கள். வடியாவிட்டால் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பது பற்றிப் பேசலாம். பேச்சுப் பயிற்சியை அதுவரை தள்ளிப்போடவில்லை, ஆரம்பித்துவிட்டோம். 24 மாதத்தில் எம்-சாட்-ஆர் மறுபடியும் உண்டு.