மூன்றாவது பேடும் நனைந்தபோது

முதல் பிரசவம், 33-ஆவது வாரம். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சிறுநீர் கசிந்தது போல ஒரு வெதுவெதுப்பு. "மாசம் ஏறினா இருமினாலே சொட்டும்மா" என்றார் மாமியார். சரி என்று உடை மாற்றினேன். அரை மணியில் மறுபடியும். மூன்றாவது பேடை எடுத்துப் பார்த்தேன்: நிறமில்லை, சிறுநீர் வாடையும் இல்லை, அடக்கினாலும் நிற்கவில்லை. அப்புறம்தான் ஆட்டோ பிடித்தோம்.

டாக்டர் உள்ளே கையை விட்டுப் பார்க்கவில்லை, தொற்று உள்ளே ஏறிவிடுமாம். கருவி வைத்து இருமச் சொன்னார். தண்ணீர் வந்து தேங்கியது. சிவப்பு லிட்மஸ் தாள் பட்டதும் நீலமானது. வலி வரும் முன்பே பனிக்குடம் உடைந்திருந்தது.

பிறகு கேள்விகள். கருப்பை வாயில் ஏதாவது சிகிச்சை? இடையில் ரத்தப்போக்கு? சிகரெட் பழக்கம்? எல்லாவற்றுக்கும் இல்லை. யூரின் இன்ஃபெக்‌ஷன்? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஆறாம் மாதம் வந்தது. ஏழு நாள் மாத்திரையை, எரிச்சல் நின்றதும் மூன்றே நாளில் நிறுத்திவிட்டேன். மீதி அட்டை இன்னும் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. அதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. பலருக்குக் காரணமே தெரியாமல் உடைவதும் உண்டு என்றார். வீட்டிலோ மாடிப்படி, பப்பாளி, கண் திருஷ்டி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மாத்திரையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

குழந்தையின் நுரையீரலுக்காக 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 டெக்ஸாமெத்தசோன் ஊசி, கூடவே தொற்று வராமலிருக்க எரித்ரோமைசின். காய்ச்சல் வருகிறதா என்று நர்ஸ் அக்கா ராத்திரியிலும் எழுப்பிப் பார்ப்பார். ஆறாம் நாள் வலி வந்தது. பையன், 1.9 கிலோ. ஒன்பது நாள் என்ஐசியூவில், அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்.

* * *

அக்கா, உங்கள் அனுபவத்தைப் படித்தேன். எனக்கு ட்வின்ஸ். பனிக்குட நீரும் அதிகம், வயிறு தோல் வெடிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. 31-ஆவது வாரம் ராத்திரி 2 மணிக்கு 'டப்'பென்று ஒரு சத்தம், பாயெல்லாம் ஈரம். உங்களுக்குச் சொட்டியது, எனக்குக் குடம் கவிழ்ந்தது. தொப்புள்கொடி நழுவி வந்துவிடுமோ என்று படுத்த வாக்கிலேயே கொண்டுபோனார்கள். குழந்தைகளின் மூளைக்குப் பாதுகாப்பு என்று மெக்னீசியம் ஏற்றினார்கள். ஏறும்போது உடம்பு தீயாய்க் காந்தியது. அதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

* * *

உங்கள் இருவரையும் படித்தேன். எனக்கும் முதல் குழந்தை 30 வாரத்தில் இப்படித்தான் பிறந்தது. ஒருமுறை உடைந்தால் அடுத்ததிலும் வாய்ப்பு கூடுதல் என்பதால், இரண்டாவதற்கு 16 வாரத்திலிருந்தே ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் அளந்தார்கள். 20-இல் 22 மில்லிமீட்டர்தான் இருந்தது, சீக்கிரம் திறந்துவிடாமல் கருப்பை வாயில் தையல் போட்டார்கள். நடுவில் யூரின் கல்ச்சரில் கிருமி தெரிந்தது, எரிச்சல் எதுவுமே இல்லாமல். இந்தத் தடவை மாத்திரையை எண்ணி எண்ணிக் கையில் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். தையல் பிரித்தது 37-இல், பெண் பிறந்தது 38-இல். அதுவரை தினம் காலையில் பேடை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் காபி.