இழை: ‘எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே’ – இதற்கு ஒரு கலைச்சொல் வேண்டும் (அவசரம்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நண்பர்களே, வணக்கம். நினைவாற்றல் பற்றிய நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை ஏழாம் அத்தியாயத்தை அனுப்பியாக வேண்டும். சிக்கல் இதுதான். பழைய துப்பறியும் தொடர் ஒன்றைப் பார்க்கிறோம். அறுவை மருத்துவர் ஒருவர் வருகிறார். இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மனம் குடைகிறது. பாதிக் கதை போன பிறகு கூர்ச்செவி இரண்டு நினைவுக்கு வர, ‘அட, ஸ்பாக்!’ என்கிறோம். ‘ஸ்டார் ட்ரெக்’ விண்வெளித் தொடரில் கூர்ச்செவி ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமோய், 1973இல் வந்த ‘கொலம்போ’ துப்பறியும் கதையொன்றில் அப்படித்தான் வருகிறார்.

உளவியலில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. ஜார்ஜ் மாண்ட்லர் 1980இல் சொன்னது: இறைச்சிக் கடைக்காரரைப் பேருந்தில் பார்த்தால் முகம் தெரியும், ஆள் யாரென்று தெரியாது, கடை கூடவே வராததால். நான் ‘சூழல்சாரா முக மீளடையாளம்’ என்று போட்டேன். பதிப்பாசிரியர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இட்டுத் திருப்பிவிட்டார். சின்னதாக, வாயில் நுழைகிற பெயர்ச்சொல் ஒன்று கொடுங்கள்.

புலவர் ஐயா எழுதியது:

புதிதாகத் தேடுவானேன்? ‘அறிமுகம்’ என்ற சொல்லையே உற்றுப் பாருங்கள். அறிந்த முகம், அறிகின்ற முகம், அறியும் முகம். முக்காலமும் தொக்கி நிற்கும் வினைத்தொகை. நாம்தான் அதை மேடையில் பேச்சாளரைப் பற்றி இரண்டு வரி சொல்வதற்குத் தேய்த்துவிட்டோம். இங்கே நடப்பது இரண்டாம் முறை அறிதல். எனவே மறு + அறிமுகம் = மறுவறிமுகம். வகர உடம்படுமெய்.

ஆசிரியை அம்மா எழுதியது:

> எனவே மறு + அறிமுகம் = மறுவறிமுகம்.

ஐயா, இலக்கணம் சரி. ஆனால் என் மாணவர்களிடம் வாசிக்கக் கொடுத்தேன். நான்கில் மூன்று பேர் ‘மறு வறி முகம்’ என்று பிரித்தார்கள். ஒருத்தி, ‘வறுமையில் வாடிய முகமா, மிஸ்?’ என்றே கேட்டாள்.

அதைவிடப் பெரிய தடை, முகம் என்பதே. ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் குவார்க் என்ற வேற்றுக்கோள்வாசியாக வந்த நடிகர் ஆர்மின் ஷிமர்மனின் தலை முழுக்க ரப்பர். 1997இல் ‘பஃபி’ தொடரில் பள்ளி முதல்வராக வந்தபோதுதான் பலர் அவருடைய சொந்த முகத்தையே பார்த்தார்கள். அப்படியும் கண்டுபிடித்தார்கள், குரலை வைத்து. டக் ஜோன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் ‘ஹெல்பாய்’, 2017இல் ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’, இரண்டிலும் செதிலும் செவுளும்தான். அந்த நீண்ட விரல்களும் நடையும் அவரைக் காட்டிக்கொடுக்கின்றன. இதில் முகம் எங்கே வந்தது?

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

முகம் வரவே கூடாது. அது வடசொல்.

புலவர் ஐயா எழுதியது:

> அது வடசொல்.

தம்பி, 786ஆம் குறளை (‘முகநக நட்பது’) எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். முகை, முகப்பு, முகடு எல்லாம் முன்னே துருத்தி நிற்பவை. முகமும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை என்பது என் துணிபு.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

குறளில் இருப்பதெல்லாம் தமிழ் வேர்தான் என்றால் ‘ஆதி பகவன்’ என்ன?

(இங்கே பதினோரு மடல்கள் முகத்தின் பிறப்பைப் பற்றி. நடுவில் ‘மூஞ்சி’ என்று ஒரு பரிந்துரை. அதைச் சொன்னவர் பிறகு மன்னிப்புக் கேட்டார்.)

நிரலர் தம்பி எழுதியது:

ஐயாக்களே, வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. ‘முன்வேடம்’ என்று வைத்தால் முகச் சண்டையே இல்லை. முன்பு போட்ட வேடம் இப்போதைய வேடத்துக்குள் எட்டிப் பார்க்கிறது.

ஆசிரியை அம்மா எழுதியது:

அழகான சொல், ஆனால் பொய் சொல்கிறது. 1964இல் ‘தி மேன் ஃப்ரம் அங்கிள்’ கதையொன்றில் நிமோயும் வில்லியம் ஷாட்னரும் சேர்ந்தே வருகிறார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடங்கியது 1966இல். இன்று அதைப் பார்க்கிறவருக்கு, இன்னும் பிறக்காத ஸ்பாக்கும் கேப்டன் கிர்க்கும் ஒரே திரையில் தெரிகிறார்கள். எது முன், எது பின்? வரிசை நடிகருடையது அல்ல, பார்ப்பவருடையது.

புலவர் ஐயா எழுதியது:

நீங்கள் எல்லோரும் கவனிக்காத ஒன்று. நாம் ‘நிமோய் வந்தார்’ என்று சொல்வதில்லை, ‘ஸ்பாக் கத்தியை எடுத்தார்’ என்கிறோம். இது ஆகுபெயர்! படைத்தவர் பெயர் படைப்புக்கு ஆனால் கருத்தாவாகுபெயர். படைப்பின் பெயர் படைத்தவருக்கு வந்ததால் இது காரியவாகுபெயர். ஆகவே ‘ஆகுமுகம்’.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

ஸ்பாக்தானே நிமோயைப் புகழ் பெறச் செய்தது? அப்படியானால் ஸ்பாக் கருவி, நிமோய் காரியம். இது கருவியாகுபெயர். மறுபடியும் முகமா?

(இன்னும் ஆறு மடல்கள். பார்வைக்கு வந்தது ஒன்றுதான்: நிமோய் 1975இல் ‘நான் ஸ்பாக் அல்ல’ என்ற பொருளில் ஒரு நூலும், இருபது ஆண்டு கழித்து ‘நான்தான் ஸ்பாக்’ என்ற பொருளில் இன்னொன்றும் எழுதினார். ஆகுபெயரை மறுத்துப் பார்த்து, கடைசியில் ஏற்றுக்கொண்ட மனிதர்.)

நிரலர் தம்பி எழுதியது:

‘ஆகுமுகம்’ என்றதும் எனக்கு ஆறுமுகம்தான் வந்தது, மன்னிக்கவும். ‘கண்டமுகம்’?

ஆசிரியை அம்மா எழுதியது:

கண்டவன், கண்டபடி, கண்ட கண்ட முகம். வேண்டாம் தம்பி.

ஒன்று சொல்கிறேன். வாகுகனாக உருமாறி நின்ற நளனைத் தமயந்தி முகத்தை வைத்தா அறிந்தாள்? அவன் சமைத்ததன் சுவையை வைத்து. ரப்பருக்குள் இருந்த ஷிமர்மனை நாம் அறிந்ததும் அதே வழியில்தான். ‘ஆள்தெளிவு’ என்பது என் பரிந்துரை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அம்மா, ஆள் தெளிந்த பிறகு சொல்லே தேவைப்படாது. என் அத்தியாயம் தெளியாத அந்த அரை மணி நேரத்தைப் பற்றியது. புரூஸ், யங் இருவரும் 1986இல் தந்த விளக்கத்தில் முதலில் ‘பழக்கமான முகம்’ என்ற உணர்வு வரும், பிறகு ஆளைப் பற்றிய விவரம், கடைசியில்தான் பெயர். நமக்கு வேண்டியது முதல் படியில் ஏறி இரண்டாவதில் கால் வைக்க முடியாமல் நிற்கிற நிலை. ‘எங்கேயோ பார்த்த முகம்’ என்று எல்லோரும் சொல்கிறோமே, அதைத் தாண்டி நாம் என்னத்தைப் படைத்தோம்?

புலவர் ஐயா எழுதியது:

அது தொடர். கலைச்சொல் ஆகாது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வெள்ளி, காலை ஐந்தரை. எண்ணிவிட்டேன். ‘எங்கேயோ’வை வெட்டிவிட்டு ‘பார்த்தமுகம்’ என்பதற்கு ஐந்து பேர். ‘மறுவறிமுகம்’ இரண்டு, இரண்டுமே புலவர் ஐயாவின் இரு முகவரிகளிலிருந்து. ‘ஆள்தெளிவு’ ஒன்று. தனித்தமிழ் அன்பர் நடுநிலை. பார்த்தமுகம் என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘எங்கேயோ பார்த்தமுகம்’ என்று முழுதாக.

புலவர் ஐயா எழுதியது:

பெயரெச்சத் தொடரைச் சேர்த்தெழுதினால் ஒரு சொல்லாகிவிடுமா? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

ஆசிரியை அம்மா எழுதியது:

என்னுடையதையும். 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் வில்லன் டார்த் வேடரின் கவசத்துக்குள் நடந்தவர் டேவிட் ப்ரௌஸ், பேசியவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். 1994இல் ‘தி லயன் கிங்’ படத்தில் சிங்க ராஜா அதே ஜோன்ஸின் குரலில் வாயைத் திறந்ததும் எத்தனை பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்! பார்த்ததும் இல்லை, முகமும் இல்லை. அதற்கு என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குரல் எட்டாம் அத்தியாயம், அம்மா. அதற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.