ஹைலி காம்போசிட் நம்பருக்குத் தமிழ் – சனிக்கிழமைக்குள் வேண்டும்

மண்டபம்:
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை கணக்கு முகாம், பயிற்சித்தாள் நாளைக்கே அச்சுக்குப் போகணும். மையமான எண் 293318625600, அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இதற்கு 5040 வகுத்திகள் (மீதியில்லாமல் வகுக்கும் எண்கள்), இதைவிடச் சின்ன எண் எதற்கும் அத்தனை கிடையாது. இப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் உள்ள எண்தான் ஹைலி காம்போசிட் நம்பர். 1 முதல் 22 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது, 23இல்தான் கைவிரிக்கும். ராமானுஜன் 1915இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த இனத்து எண்களைப் பட்டியல் போட்டபோது இது விட்டுப்போய்விட்டது. இனத்துக்கு என்ன பெயர் வைக்கலாம்? நான் ‘மிகுபகு எண்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

தொண்டி:
மிகுபகு வேண்டாம். மிகை எண் என்று வேறொன்று இருக்கிறது (தன்னை விட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தன்னையே மிஞ்சும் எண்), பிள்ளைகள் குழம்புவார்கள். தவிர, காம்போசிட் நம்பருக்கு நாம் சொல்லும் பகு எண்ணே வினைத்தொகை, அதன் தலையில் இன்னொரு வினைத்தொகையை ஏற்றுவானேன்? ‘மீப்பகு எண்’ என்போம். பகு சாதாரண வேர் இல்லை, பகல், பகை, பகுதி, பங்கு எல்லாம் அதன் பிள்ளைகள்தான். இரவிலிருந்து பகுபட்டது பகல், மனம் பகுபட்டால் பகை...

கீழக்கரை:
பங்கு வடசொல் என்பாரும் உண்டு ஐயா, அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். என் ஓட்டு ‘வள்ளல் எண்’. பட்டியலில் இடமே இல்லாமல் 5040 பேருக்குக் கொடுக்கிறதே, செத்தும் கொடுத்த சீதக்காதி மாதிரி!

தொண்டி:
ஊர்ப்பாசம் சரி. அந்தச் சொல்லில் வகுத்தல் எங்கே இருக்கிறது?

பாம்பன்:
கரையில் மீனைக் கூறு வைக்கிறதைப் பார்க்காத பிள்ளை இங்கே கிடையாது. 60 மீன் இருந்தால் 2, 3, 4, 5, 6 என்று எத்தனை கூறு வைத்தாலும் சரியாக விழும், 61 ஆனால் தகராறுதான். ‘பல்கூறு எண்’ என்று வையுங்கள், விளக்கமே வேண்டாம்.

மண்டபம்:
நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனால் 12க்கும் 6 வகுத்திகள், 20க்கும் 6. முந்திக்கொண்டதால் 12 மட்டும்தான் இந்த இனம். பல்கூறு என்றால் 20ம் உள்ளே நுழைந்துவிடுமே.

தொண்டி:
அதற்குத்தான் மீ, முன்னால் வந்த அத்தனையையும் விஞ்சியது என்று பொருள் தரும். ஒற்று மிகுமா என்று கேட்பீர்கள். மீகண், மீக்கூற்று, மீந்தோல் என மூன்று விதத்துக்கும் நன்னூல் இடம் தருகிறது, ஆகவே மீபகு, மீம்பகு என்பதற்கும்...

பாம்பன்:
ஒரு சொல் கேட்டால் மூன்றா!

மண்டபம்:
அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். ‘மீப்பகு எண்’ என்றே போட்டுவிட்டேன், 60 மீன் கணக்கு முதல் பயிற்சி. கடைசிக் கேள்வி, 5040ம் மீப்பகு எண்ணா? ஆமாம், அதற்கு 60 வகுத்திகள். கீழக்கரை அண்ணே, காக்கா, கோவிச்சுக்காதீங்க.

கீழக்கரை:
கோவமெல்லாம் இல்லை. தாளில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், பிற்பகல் வகுப்பு என்னுடையது, நான் வள்ளல் எண் என்றுதான் சொல்வேன்.