தங்கப் பற்சக்கரங்கள் தேயாதா? பிரெகே எண் 160 பைக்கடிகாரம் குறித்து ஓர் ஐயம்

கேள்வி
பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்துக்காக 1783-இல் பாரிசில் கடிகாரக் கலைஞர் பிரெகேயின் பட்டறைக்கு ஆணை தரப்பட்ட எண் 160 பைக்கடிகாரத்தில், உறை மட்டுமன்றி உள்ளே உள்ள தகடுகளும் பற்சக்கரங்களும்கூடத் தங்கத்தால் ஆனவை என்று படித்தேன். நகை செய்வதற்கே செம்பு சேர்க்க வேண்டிய அளவு மென்மையான உலோகம், ஓயாமல் சுழலும் சக்கரமாக எப்படித் தாங்கும்? இயன்ற இடமெல்லாம் தங்கம் என்ற நிபந்தனை வெறும் ஆடம்பரத்துக்காகவா, இயந்திரத்துக்கும் அதனால் நன்மை உண்டா?

மறுமொழி 1
தாங்கள் சொல்வது பசும்பொன்னுக்குப் பொருந்தும். அக்கடிகாரத்தில் இருப்பதோ இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட பொன். அந்நிறத்தைத் தரும் செம்பே கடினத்தையும் கூட்டுகிறது. மேலும், பழைய கடிகாரங்களில் பெரிய சக்கரத்தைப் பித்தளையாலும், அதனோடு பல் பொருந்தும் சிறு சக்கரத்தைக் கடின எஃகாலும் செய்வதே வழக்கம். ஒரே உலோகம் தன்னோடு தானே உரசினால் தேய்மானம் மிகும். பித்தளை இருந்திருக்க வேண்டிய இடத்தில் இங்கே பொன் இருக்கிறது. அச்சு முனைகள் சுழலும் துளைகள்தாம் முதலில் தேயும். அவற்றில் நீலக்கல் பதித்திருக்கிறார்கள்.

மறுமொழி 2
நன்மையும் உண்டு. பொன் துருப்பிடிக்காது, காந்தமும் ஏறாது. அதனால்தான் நேரத்தை ஒழுங்குபடுத்தும் மயிரிழைச் சுருள்வில்லைக்கூட அதில் பொன்னால் செய்தார்கள் என்று கருதுகிறேன். எஃகுச் சுருளில் சிறு துரு படிந்தாலும் நேரம் பிசகிவிடும். அணிபவர் நடக்கும்போது ஆடி, தானே சாவி ஏற்றும் எடைக்கட்டி மட்டும் பிளாட்டினம். சிறிய இடத்தில் மிகுந்த எடை தேவைப்படும் பகுதி அது.

என்னை அதிகம் வியக்க வைப்பது ஒலியால் நேரம் சொல்லும் அமைப்பு. விசையைத் தள்ளியதும், நத்தை ஓடு போல் படிப்படியாக வெட்டிய தகடுகளின் மேல் சிறு கைகள் விழும். எந்த ஆழத்தில் நிற்கின்றனவோ அத்தனை முறை சுத்தியல் அடிக்கும். மணிக்கான தகட்டில் 12 படிகள், கால் மணிக்கான தகட்டில் 4. நிமிடத் தகட்டில் நான்கு கிளைகள், ஒவ்வொன்றிலும் 14 படிகள். இருட்டிலும் நிமிடம் தப்பாமல் நேரம் அறியலாம்.

மறுமொழி 3
மொத்தம் 823 உறுப்புகள். அரசி 1793-இல் கொல்லப்பட்டார், பிரெகே 1823-இல் மறைந்தார். கடிகாரம் 1827-இல்தான் முடிந்தது. 1983-இல் எருசலேம் அருங்காட்சியகத்திலிருந்து களவுபோய், திரும்பக் கிடைத்த செய்தி 2007-இல் வெளியானபோது நான் உள்ளபடியே கண்கலங்கினேன்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. நீலக்கல் துளைகளுக்கும் எண்ணெய் இட வேண்டுமா?

மறுமொழி 1
கட்டாயம் வேண்டும், துளிக்கும் குறைவாக. காய்ந்த எண்ணெய் அழுக்கோடு சேர்ந்து எஃகு முனையை அரித்துவிடும்; ஆகவே நெடுநாள் உறங்கிய பைக்கடிகாரம் எதையும் சுத்தம் செய்யாமல் சாவி கொடுத்துவிடாதீர்கள்.