பிரஷைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்ளும் குழந்தை: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

நெல்லை அம்மா:
மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. சோறு ஊட்டும்போது ஆவென்று வாயைத் திறப்பவள், பிரஷைக் கண்டதும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். கை காலை உதறி ஒரே அழுகை. பிடிவாதம் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் அவளுடைய மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். உதட்டையும் ஈறையும் இணைக்கிற மெல்லிய சவ்வு ஒன்று முன்பற்களுக்கு மேலே நடுவில் இருக்கிறது. பிரஷ் அதில் இடித்தால் சுள்ளென்று வலிக்குமாம். போதாததற்குப் பின்னால் கடைவாய்ப்பல் வேறு முளைத்துக்கொண்டிருந்தது, ஈறு சிவந்து வீங்கியிருந்தது. இத்தனை வலியை வைத்துக்கொண்டு குழந்தை அழாமல் என்ன செய்யும்?

இப்போது ஆள்காட்டி விரலால் அந்தச் சவ்வை மறைத்துக்கொண்டு தேய்க்கிறேன். முன்பற்களுக்கு அழுவதில்லை. கடைவாய்ப் பக்கம் போனால்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதற்கு யாராவது வழி சொல்லுங்களேன்.

கோவை அப்பா:
சகோதரி, நிற்க வைத்தா தேய்க்கிறீர்கள்? எங்கள் பையனை வாஷ்பேசின் முன்னால் நிறுத்தினால் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பான், உள்ளே எதுவும் தெரியாது. இப்போது நானும் மனைவியும் முட்டியோடு முட்டி சேர எதிரெதிரே உட்கார்ந்துகொள்கிறோம். அவன் அம்மாவைப் பார்த்தபடி அவள் மடியில் உட்கார்ந்து, அப்படியே பின்னால் சாய்ந்து என் மடியில் தலை வைப்பான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பாள். நான் மேலிருந்து பார்ப்பதால் கடைவாய் வரை பளிச்சென்று தெரிகிறது.

ஒன்றிலிருந்து பத்து வரை சத்தமாக எண்ணுவேன். பத்து வந்ததும் பிரஷை வெளியே எடுத்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்டா" என்று இழுத்தால் மறுநாள் நம்மை நம்ப மாட்டான். மூச்சு விடட்டும், அப்புறம் அடுத்த பத்து.

பேஸ்ட்டையும் பாருங்கள். பெரியவர்கள் பேஸ்ட்டின் புதினா எரிச்சலை இவன் "காரம்" என்பான். புதினா இல்லாத, ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட் வாங்கினோம். 3 வயது வரை ஓர் அரிசி அளவு போதும், பிறகு 6 வயது வரை பட்டாணி அளவு.

சேலம் சித்தி:
"விழப்போகிற பல்தானே, எதற்குக் குழந்தையை அழவைக்கிறாய்?" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். முன்பற்கள் 6, 7 வயதில் விழ ஆரம்பிக்கும், சரி. ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. அவை சொத்தையாகிச் சீக்கிரம் போய்விட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியிலிருந்து வரும் பல்லுக்கு இடமில்லாமல் போகும்.

என் அக்கா மகன் பால் பாட்டிலோடுதான் தூங்குவான். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைக் கோடு தெரிந்தது. சொத்தையின் தொடக்கம் அதுதான். கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் காப்பாற்றிவிடும், மேலே அந்தக் காவல் கிடையாது. தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் குறைந்துவிடுகிறது. அதனால் காலையில் ஒருநாள் விட்டுப்போனாலும் இரவில் விடாதீர்கள் என்பேன். பால் முதலில், பல் தேய்ப்பது பிறகு. அதற்கப்புறம் தண்ணீர் மட்டும். மருத்துவர் ஃப்ளூரைடு பூசிவிட்டார், அந்தக் கோடு மேலே பரவவில்லை.

இன்னொன்று, தூக்கம் சொக்கும் வரை காத்திருக்க வேண்டாம். சாப்பாடு முடிந்து குழந்தை தெளிவாக இருக்கும்போதே தேய்த்துவிட்டால் பாதி அழுகை குறையும்.

நெல்லை அம்மா:
கோவை அண்ணா சொன்ன மாதிரி நானும் எங்கள் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தோம். மல்லாந்து படுத்ததும் விசிறியைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள்! வலது கடைவாய் முழுவதும் தேய்த்துவிட்டேன். இடது மேல்பக்கம் ஈறு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. பல் வெளியே வரும்வரை அங்கே மட்டும் விரலில் ஈரத்துணி சுற்றித் துடைத்துவிடுகிறேன்.